டாக்டரிடம் சொல்லாத கருப்புப் பொருக்கு

டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் சிகிச்சை ஒரு நாள் தள்ளிப் போனது. அந்த ஒரு நாளில் நோய் இரண்டு நுரையீரலையும் முழுதாகப் பிடித்துவிட்டது. இப்போது காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன். என்னைப் போல இன்னும் சிலர் வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கக்கூடும்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆவுடையார்கோவிலில் வீடு. ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். முன்பு திருச்சியில் தங்கி அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன், கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. வாரம் ஒரு முறை வரும் மருத்துவ ஆய்வுப் பக்கம் என் பொறுப்பு. உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் ஆய்வுகள் மின்னஞ்சலில் வந்து குவியும். இதயம், சர்க்கரை, மறதி நோய், தூக்கம், எலும்பு தேய்வது, குழந்தைகளின் ஒவ்வாமை என்று எல்லாம் இருக்கும். அவற்றில் ஏழெட்டைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் ஆறேழு வரிக்குள் தமிழில் எழுதுவேன். பல வருடம் இதைச் செய்ததில், டாக்டருக்குப் படிக்காமலே எல்லா நோயையும் பற்றி ஒரு பத்தி பேசக்கூடியவளாக ஆகியிருந்தேன். அது எவ்வளவு ஆபத்தான தகுதி என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கணவர் முத்துக்கருப்பன் ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் ஓட்டுகிறார். அம்மோனியா பிரஷர், உப்புத்தண்ணியின் குளிர் இரண்டையும் மணிக்கொரு தடவை பார்த்து, கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘ரிமார்க்ஸ்’. மிஷினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டாலும், ஒரு போல்ட்டில் எண்ணெய் கசிந்தாலும் அதில் எழுதியாக வேண்டும். என்னுடைய பக்கத்தை அவர் ஒரு நாளும் படித்ததில்லை. கடல் நிலவரமும் கிரிக்கெட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்துவிடுவார்.

கார்த்திகை மாதத்தின் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலையில் குளிக்கும்போது அந்தப் புள்ளியைப் பார்த்தேன். இடுப்பின் வலது பக்கம், பாவாடை நாடா முடிச்சு விழும் இடத்தில், மிளகை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கருப்புப் பொருக்கு. சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம். தொட்டால் வலிக்கவில்லை. அரிப்பும் இல்லை. அன்று மாலை காய்ச்சல் வந்தது.

இந்த இடத்தில் அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன்பு நான்தான் அதைப் போட்டேன். பாவாடை நாடாவை ஒரே இடத்தில் பல வருடம் இறுக்கிக் கட்டி, அங்கே புண் வந்து, ஆறாமல் கிடந்து, கடைசியில் தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி வட இந்திய டாக்டர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது முதலிடம் பிடித்தது. கடைசி வரியாக, ‘இப்படி ஆவது மிக அபூர்வம், நாடாத் தழும்பு உள்ள எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை’ என்று எழுதியிருந்தேன். பக்கம் கட்டும்போது கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. இடம் போதாமல் கடைசி வரி வெட்டுப்பட்டது. அச்சில் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த வாரப் பக்கத்துக்குப் போய்விட்டேன். தினமும் எங்காவது ஒரு கடைசி வரி வெட்டுப்படத்தான் செய்கிறது.

இப்போது என் இடுப்பில் ஒரு கருப்புப் புண், உடம்பில் காய்ச்சல். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தகவல் கிடைத்தால் இரண்டையும் ஒட்டித் தலைப்பு போடுவது எங்கள் தொழிலின் பழைய குற்றம். அதைத்தான் செய்தேன். புண் புற்று, காய்ச்சல் அது பரவியதன் அறிகுறி. முப்பது விநாடியில் செய்தி தயார். ‘உறுதிப்படுத்தப்படவில்லை’ என்று ஒரு வார்த்தை சேர்க்க அங்கே யாரும் இல்லை.

மூன்று நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். காய்ச்சல் நூற்று மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை. தலையைப் பிளக்கும் வலி. என் கணவர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த வேலை அளந்து எழுதுவதுதான். கம்பெனியிலிருந்து வெற்றுத் தாள் ஒரு கட்டு கொண்டுவந்து, பிரஷர் என்ற தலைப்பை அடித்துவிட்டுக் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார். மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர்.

“ராணி, வாயத் தெற.”

“இப்பத்தானேங்க பாத்தீங்க.”

“அது பத்து மணிக்கு. இப்ப பதினொண்ணு.”

“நான் என்ன ஐஸ் மிஷினா?”

“மிஷினுன்னா வாயத் தெறன்னு சொல்ல வேண்டியதில்ல.”

வியர்வையில் நனைந்த துணியை மாற்ற அவர்தான் உதவினார். அப்போது அந்தப் பொருக்கைப் பார்த்துவிட்டார். என்ன இது என்று கேட்டார். நாடா உரசியது என்றேன். சரி என்று மட்டும் சொன்னார்.

நான்காம் நாள் அறந்தாங்கியில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. விடால் என்ற பரிசோதனையில் டைபாய்டு லேசாகத் தெரிந்தது. டைபாய்டு கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருளை அந்தப் பரிசோதனை தேடும். என்றைக்கோ வந்து போன காய்ச்சலின் மிச்சம்கூட அதில் தெரியலாம். இதுவும் எனக்குத் தெரியும், ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஆனாலும் டைபாய்டு என்று சொன்னபோது அப்பாடா என்று இருந்தது. தெரிந்த நோய், சிறிய நோய். அங்கே ஐந்து நாள் ஊசி போட்டார்கள். டைபாய்டு என்றால் அந்த ஊசிக்கு அடங்கியிருக்கும். அடங்கவில்லை. வறட்டு இருமல் ஆரம்பித்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. ரத்தம் உறைவதற்கு உதவும் அணுக்கள் அவை. கிளினிக் டாக்டர் இனி இங்கே வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார். கணவரின் தம்பி திருச்சிக்குப் போகலாம் என்றார். என் கணவர், “மூச்சு வாங்குறவள அம்புட்டுத் தூரம் உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறதா? புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு விடுப்பா வண்டிய” என்றார். அந்த முடிவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மதியம் பெண்கள் வார்டில் சேர்த்தார்கள். வரிசையில் கடைசிக்கு முந்தின கட்டில், ஜன்னல் ஓரம். மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஆண்கள் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் உள்ளே வரலாம். என் கணவர் வார்டு வாசலில் நின்றபடி, கையிலிருந்த தாள்களை யாரிடம் கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மாவுக்கு நெஞ்சுச் சளி. அவருக்குத் துணையாக இருந்த மகள் எழுந்து போய் வாங்கிக்கொண்டாள்.

“குடுங்கண்ணே, நான் எழுதுறேன். மணிக்கொரு வாட்டிதானே? எங்க உம்மாவுக்கும் சேத்துப் பாத்துர்றேன்.”

“ரிமார்க்ஸும் எழுதணும்மா.”

“அதென்னண்ணே?”

“புதுசா எது நடந்தாலும். இருமுனா இருமுனான்னு எழுதணும்.”

அவள் பெயர் ரஹ்மத். மீமிசல்காரி. நாற்பது வயதுக்குப் பக்கம். கணவர் சவூதியில். நான் எந்தப் பேப்பரில் வேலை பார்க்கிறேன் என்று என் கணவர் அவளிடம் சொல்லிவிட்டார். உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள்.

“அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் எழுதுறது நீங்களாக்கா? யா அல்லா! காபி குடிச்சா இதயத்துக்கு நல்லதுன்னு ஒரு வாரம் போட்டீங்க. அடுத்த மாசமே ரொம்பக் குடிக்காதேன்னு போட்டீங்க. எங்க வீட்டுல டம்ளரக் கையில வச்சுக்கிட்டு ஒங்களத்தான் திட்டுனோம்.”

மூச்சு இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

அன்று மாலை டாக்டர் நித்யா வந்தார். முப்பது வயது இருக்கும். என் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

“அம்மா, ஒடம்புல எங்கயாச்சும் கருப்பா, பொருக்கு மாதிரி, சிகரெட்டால சுட்ட எடம் மாதிரி ஏதாவது இருக்கா? வலிக்காது. அதனால நீங்க கவனிக்காமகூட இருந்திருக்கலாம். அக்குள், மார்புக்குக் கீழ, இடுப்பு, தொடையிடுக்கு, இங்கெல்லாம் நல்லாப் பாத்தீங்களா?”

இதை விடத் தெளிவாக ஒரு கேள்வியை நான் என் தொழிலில் கேட்டதில்லை. இடம், நிறம், அளவு, வலி இல்லாதது எல்லாம் சொல்லிவிட்டார். அவர் எதைத் தேடுகிறார் என்பதுதான் எனக்குத் தெரியாது. புற்றைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன்.

“இல்ல டாக்டர்.”

“காடு, புதர், வயக்காடு அந்தப் பக்கம் எங்கயும் போனீங்களா? ரெண்டு மூணு வாரத்துல?”

“இல்ல. நான் நாள் பூரா கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கிறவ.”

இரண்டாவது பதிலை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை.

நர்ஸ் வந்து திரையை இழுத்துவிட்டுக் கழுத்து, அக்குள், மார்புக்குக் கீழே எல்லாம் பார்த்தார். கை இடுப்புக்கு வந்தபோது பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். “காலையில துணி மாத்தும்போதுதான் பாத்தேன், ஒண்ணும் இல்லம்மா” என்றேன். ஐம்பது வயதுக்காரி, படித்தவள், வெட்கப்படுகிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டார்.

ஏன் மறைத்தேன் என்று பலரும் கேட்டுவிட்டார்கள். புற்றுநோய்ச் செய்திகளை எத்தனையோ முறை எழுதியவள் நான். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு டாக்டர் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து சுற்றியிருப்பவர்களின் முகம் மாறிவிடும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை. இன்னும் கொஞ்ச நாள் வெறும் காய்ச்சல்காரியாகவே இருக்க விரும்பினேன். முதலில் காய்ச்சல் போகட்டும், பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். உண்மையை மறைக்கும் அதிகாரிகளைப் பற்றி எத்தனையோ தலைப்பு போட்டிருக்கிறேன். எல்லோரும் இப்படித்தான் ஒரு கெடு வைத்துக்கொண்டிருப்பார்கள் போல.

வியாழக்கிழமை காலையில் ஆக்சிஜன் அளவு இறங்கியது. விரலில் மாட்டும் கிளிப்பில் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எண்பத்தெட்டு காட்டியது. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு பக்க நுரையீரலிலும் வெள்ளைத் திட்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் காலியாகிறதா என்று யாரோ போனில் கேட்பது என் காதில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் என் கணவர் நின்றிருந்தார். கையில் இட்லிப் பொட்டலம். சாப்பிடவில்லை. என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். செத்துவிடுவேன் என்று முதல் முறையாக அப்போதுதான் நினைத்தேன். நினைத்தும் வாய் திறக்கவில்லை.

ரஹ்மத் காய்ச்சல் பார்த்து எழுதினாள். எழுதிவிட்டு, சும்மா இருக்கிற நேரத்தில் என் கணவர் வீட்டில் எழுதிய பழைய தாள்களையும் புரட்ட ஆரம்பித்தாள். ஒரு தாளில் கண் நின்றது.

“அக்கா, இது என்னா?”

நான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. ரிமார்க்ஸ் கட்டத்தில் என் கணவரின் கோழிக்கிறுக்கல்: ‘இடுப்பு வலது பக்கம் கருப்புப் பொருக்கு. சுற்றிச் சிவப்பு. வலி இல்லை என்கிறாள். நாடா உரசல் என்கிறாள்.’

தனக்கு உறுதியாகத் தெரிந்ததைத் தெரிந்ததாக எழுதியிருந்தார். நான் சொன்னதை, நான் சொன்னதாக மட்டும் எழுதியிருந்தார். புதிதாக வேலைக்குச் சேரும் நிருபர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

“அது ஒண்ணுமில்ல. மடிச்சு வை.”

“நேத்து அந்த டாக்டரம்மா இதத்தானேக்கா கேட்டாங்க? கருப்புப் பொருக்கு இருக்கான்னு? நீங்க இல்லேன்னீங்க.”

“ரஹ்மத், நீ அதச் சொல்லக் கூடாது.”

“ஏன்?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என் இடுப்புப் பக்கம் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, “நாடாப் புண்ணா?” என்றாள். அந்தச் செய்தியை அவளும் படித்திருக்கிறாள் என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்தது.

“சொல்லாதே” என்று மறுபடியும் சொன்னேன்.

“சரிக்கா. சொல்லல.”

டாக்டர் நித்யா பதினோரு மணிக்கு வேகமாக வந்தார். நர்ஸிடம் காய்ச்சல் சார்ட் கேட்டார். நர்ஸ் எடுப்பதற்குள் ரஹ்மத் எழுந்து, “எங்ககிட்ட மணிக்கணக்கா எழுதினது இருக்கு டாக்டர், வீட்டுல எழுதினதும் இருக்கு” என்று கட்டாகக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமைத் தாள் மேலாக இருந்தது.

டாக்டர் படித்தார். கண் கடைசிக் கட்டத்துக்குப் போனது. தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. திரையை இழுத்துவிட்டு, என் கையை எடுத்து ஓரமாக வைத்து, அவரே பாவாடை நாடாவை அவிழ்த்துப் பார்த்தார்.

“நேத்தே காட்டியிருந்தா நேத்தே ஆரம்பிச்சிருக்கலாமேம்மா!”

அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. புற்றைக் கண்டுபிடித்த டாக்டர் இப்படி ஏன் சந்தோஷப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

“கேன்சரா டாக்டர்?” மூச்சுக்கு நடுவில் கேட்டேன்.

“கேன்சரா? யார் சொன்னா? இது பூச்சிக் கடிம்மா. ஸ்க்ரப் டைபஸ். மருந்து இருக்கு.”

அவர் அன்று அவசரமாகச் சொன்னதையும் பிறகு பொறுமையாகச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். புதரிலும் புல்லிலும் ஒரு வகை உண்ணி இருக்கிறது. அதன் குஞ்சு கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது கடித்தால் ஒரு கிருமி உடம்புக்குள் போகும். கடித்த இடத்தில் தோல் செத்துக் கருப்புப் பொருக்காகும். அதற்கு எஸ்கார் என்று பெயர். வலிக்காததால் பலரும் பார்ப்பதே இல்லை, எல்லோருக்கும் அது வருவதும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். சரியான மருந்து கொடுக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று தாக்கும். டைபாய்டுக்குப் போடும் ஊசி இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மருந்துக்குக் கேட்கும். அந்தக் குஞ்சு உடம்பில் ஊர்ந்து, உடுப்பு இறுகும் இடத்தில் நின்று கடிக்கும் வழக்கம் உள்ளது. அதனால்தான் நாடா முடிச்சுக்குக் கீழே.

“ஆனா புதர்ப் பக்கமே போகலன்னீங்களே?” என்றார் டாக்டர்.

“போகல டாக்டர்.”

கூப்பிட்டு அனுப்பி, வாசலில் நின்ற என் கணவரிடமும் அதையே கேட்டார்கள்.

“இல்லீங்க டாக்டர், எங்கயும் போகல. கோயிலுக்குத்தான் போனோம்.”

“எந்தக் கோயில்?”

“எங்க குலசாமி. அய்யனார். கிடா வெட்டு.”

“கோயில் எங்க இருக்கு?”

“காட்டுக்குள்ளதாங்க.”

டாக்டர் என் கணவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் குலசாமிக்குக் கூரை கிடையாது. சுற்றிலும் வீரையும் பாலையும் காராஞ்செடியும் அடர்ந்த கோயில் காடு. அங்கே கிளை ஒடிக்க மாட்டோம், புல் அறுக்க மாட்டோம். காய்ச்சலுக்கு இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மழை பெய்து முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த புல்லில் கறி வேகும்வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் காட்டுக்குப் போனீர்களா என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டோம். சாமி கும்பிடப் போனோம், அவ்வளவுதான். எங்கள் கணக்கில் அது காடே இல்லை.

“இனிமே நான் கேள்விய மாத்திக்கிறேன்” என்றார் டாக்டர். “காட்டுக்குப் போனீங்களான்னு கேக்க மாட்டேன். குலசாமிக்குக் கெடா வெட்டுனீங்களான்னு கேப்பேன்.”

அரை மணி நேரத்தில் மருந்து ஏறியது. இரண்டு பாட்டில், டாக்ஸிசைக்ளினோடு இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தும். எதற்கு இரண்டு என்று கேட்டேன். முன்பெல்லாம் ஒரு மருந்துதான் கொடுப்பார்கள், நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாகக் கேட்கிறது என்று நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வில் தெரிய வந்திருக்கிறது என்றார். அந்த ஆய்வு என் மின்னஞ்சலுக்கும் வந்தது. தலைப்பைப் படித்த ஞாபகம் இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ், இந்தப் பெயர் நம் வாசகர்களுக்குத் தெரியாது, யார் படிப்பார்கள் என்று தள்ளிவிட்டேன். அந்த இடத்தில் என்ன போட்டேன் என்று நினைவில்லை. காபியாக இருக்கலாம்.

டாக்டர் போன பிறகு ரஹ்மத் என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சொல்ல மாட்டேன்னியே?”

“நான் எங்கேக்கா சொன்னேன்? தாளைத்தான் குடுத்தேன்.”

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை காய்ச்சல் நூற்றொன்று. சனிக்கிழமை காலை தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. ரஹ்மத் அதை நம்பாமல் தெர்மாமீட்டரை உதறிவிட்டு மறுபடியும் வைத்தாள். அதேதான். ஜன்னலுக்குப் போய் வேப்ப மரத்தடியைப் பார்த்து, “அண்ணே, தொண்ணூத்தெட்டு!” என்று கத்தினாள். நர்ஸ் அதட்டினார். என் கணவர் காது கேட்காதவர் போலக் கையைக் காதில் வைத்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் கத்தினாள். எல்லாக் கட்டிலிலிருந்தும் தலைகள் திரும்பின. அதே நாளில் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. டாக்டர் சொன்னது சரி.

அதற்குப் பிந்தைய நாட்கள் ஆஸ்பத்திரி நாட்களாகவே இல்லை. பசித்தது. என் கணவர் ஜெகதாப்பட்டினத்திலிருந்து சுறாப் புட்டு செய்து எடுத்துவரலாமா என்று டாக்டரிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, ஐஸ் பெட்டியில் மீன் வாங்கி வந்து, தம்பி மனைவியிடம் கொடுத்துச் செய்து கொண்டுவந்தார். ரஹ்மத்தின் உம்மாவுக்கும் ஒரு பங்கு. எழுந்து உட்கார்ந்து தின்றார். “கொஞ்சம் உப்புக் கம்மி” என்றார். சேர்த்த நாளிலிருந்து அந்த அம்மா பேசிய முதல் முழு வாக்கியம் அது.

வேலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக நாடாப் புண் செய்தியைத் திரும்ப எழுதினேன். அபூர்வம் என்ற வரியை முதல் வரியாக வைத்தேன். எந்த விளம்பரம் வந்தாலும் முதல் வரியை வெட்ட மாட்டார்கள். அதற்குக் கீழே, கருப்புப் பொருக்கும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதினேன். ஆனால் அப்படி எழுதத் தோன்றியது என் நோயால் மட்டும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று நடந்ததுதான் முக்கியக் காரணம்.

அன்று காலை நான் துணிமணிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். ரஹ்மத் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் உம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். டாக்டர் நித்யா எனக்கு மாத்திரைச் சீட்டு கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வார்டின் பாதி தூரம் போயிருப்பார்.

“டாக்டர்!” என்று ரஹ்மத் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் இருக்கு டாக்டர். இடுப்புல. கருப்பா, தடிப்பா. அக்கா பேப்பர்ல போட்டாங்கள்ல, அதப் படிச்ச நாள்லேர்ந்து.”

“ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?”

ரஹ்மத் என்னைப் பார்த்தாள். “அக்காவுக்கு என்ன சொல்றீங்கன்னு பாத்துட்டு, நானும் காட்டலாம்னு இருந்தேன்.”

அன்று தாளை மேலாக வைத்துக் கொடுத்தது எனக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு மாதமாக ஒருத்தி இந்தப் பயத்தோடு உம்மாவையும் பார்த்து, சவூதிக்குப் போனில் சிரித்தும் பேசியிருக்கிறாள். நான் பத்து நாளில் மூச்சுத் திணறிப் போனேன். என் ஆறேழு வரிதான் அவளுக்கு அதைக் கொடுத்தது.

திரைக்குள் நானும் போனேன். டாக்டர் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். புண் இல்லை, காய்ப்பு என்றார். நாடா இறுகி இறுகித் தோல் தடித்துக் கருத்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். சந்தேகத்துக்குத் தோல் டாக்டரிடமும் அனுப்பினார். அவர் பார்த்துவிட்டு, கயிறு மாதிரி நாடா வேண்டாம், அகலமான பட்டை வைத்துத் தைத்துக்கொள், இறுக்கிக் கட்டாதே, ஆறாத புண் ஏதாவது வந்தால் மட்டும் வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் காருக்காகத் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோல் பிரிவிலிருந்து ரஹ்மத் வந்துகொண்டிருந்தாள். வேகமாக நடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு கையால் புடவையோடு சேர்த்து இடுப்பைப் பிடித்திருந்தாள். நாலு எட்டு வைப்பதும், நின்று மேலே இழுத்துக்கொள்வதும், வாய்விட்டுச் சிரிப்பதுமாக வந்தாள். எதிரே வந்த நர்ஸ் என்னாச்சு என்று கேட்டார்.

“இறுக்காதேன்னுட்டாங்க சிஸ்டர்! இப்ப நிக்க மாட்டேங்குது!”